ஆள் இல்லாத படம்

தடியின் முதுகில் சுண்ணாம்பால் எண்.
அடிப்பக்கம் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று, கிடையாக ஒன்று,
தடிக்கு மூன்று படம்.
அளவு டேப் தெரிய வேண்டும்.
ஆள் தெரியக் கூடாது.
ஏலத்துக்கு அதுதான் விதி என்றார் கிளார்க் வேலாயுதபெருமாள்.

ஆனிக் காற்று சாய்த்தது பாதி,
ரோட்டை அகலப்படுத்த அறுத்தது பாதி.
முக்கூடல் விலக்கிலிருந்து மேற்கே
புளி, வாகை, வேம்பு, ஒரே ஒரு மருது.
மொத்தம் அறுபத்திரண்டு.
படத்துக்கு எட்டு ரூபாய்,
பெட்ரோல் என் தலையில்.

கல்யாண வீடுகளில்
'நாடியைத் தூக்குங்க, கொஞ்சம் சிரிங்க' என்று
சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய்
இங்கே சும்மா இருந்தது.
தடிக்கு நாடி இல்லை.
விழுந்த கோணம் எதுவோ அதுதான் முகம்.

பன்னிரண்டு, புளி.
அறுத்த வாயில் ஈரம் காயவில்லை.
கருவைரத்துக்குள் ஓர் ஆணி.
எந்தத் தேர்தல் தட்டிக்கு அடித்ததோ,
பிடுங்க ஆள் வராததால்
மரம் அதை மெல்ல உள்ளே இழுத்து
வாயை மூடிக்கொண்டிருக்கிறது.
ரம்பத்தின் பல் ஒன்று அங்கே போயிற்றாம்.

இருபத்தொன்று, வேம்பு.
மேலே ஒரு வெள்ளாடு,
மிச்சமிருந்த கொழுந்தைக் கடித்தபடி
கேமராவைப் பார்த்தது.
விதியில் ஆடு பற்றி ஒன்றுமில்லை.
எடுத்துவிட்டேன்.

முப்பத்துமூன்று குளத்துக்குள் பாதி கிடந்தது.
தண்ணீரில் தெரிந்த பாதியையும் சேர்த்து
வாகை எனக்கு முழுதாய்க் கிடைத்தது.
டேப்பைப் பிடிக்கத்தான்
முழங்கால் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது.

நாற்பத்தேழுக்கு வருகிறேன்.

பதினெட்டு அடிப் புளி.
நிழற்குடையை இடித்த இடத்துக்கு எதிரே
தானாகப் போய் விழுந்திருந்தது, பெஞ்சு போல.
முதல் நாள் காலையில் நான்கு பெண்கள்,
மடியில் பீடிக் கட்டு, கம்பெனிக்குப் போகிற பஸ்ஸுக்காக.
'ஒரு நிமிஷம் எந்திரிங்கக்கா' என்றேன்.
எழுந்தார்கள்.
முந்தானையைச் சரி செய்துகொண்டு
தடிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.
நீங்கள் இல்லாமல் வேண்டும் என்றதும்
சேர்மக்கனிக்குப் பொறுக்கவில்லை:
'நாங்க இல்லாம இதுல என்னத்த எடுக்கீய?'

மதியம் போனேன்.
லைன்மேன் ஒருத்தர், முகத்தில் ஹெல்மெட்,
ஒயர்ச் சுருள் தலையணை, நல்ல தூக்கம்.
சாயங்காலம் போனேன்.
ஏழெட்டுப் பயல்கள், தடிதான் பஸ்.
அடிப்பக்கம் டிரைவர், நுனிப்பக்கம் கண்டக்டர்.
'போட்டோக்காரக்கா, அம்பாசமுத்திரம் ஒண்ணா?'
ராத்திரி பதினோரு மணிக்குப் போனேன், பிளாஷோடு.
ஆள் இல்லை.
ஒரு தூக்குவாளி இருந்தது,
யாரோ இடம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
நகர்த்தக் கை வரவில்லை.

வேலாயுதபெருமாள் கம்ப்யூட்டரில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
ஆட்டிடம் ஒருமுறை நின்றார், கடந்தார்.
'நாப்பத்தேழு எங்க?'
'ஆள் இல்லாம கிடைக்கல சார்.'
குறிப்பு என்ற கட்டத்தில்
'படம் பெறப்படவில்லை' என்று அடித்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தார்.

ஏலம் போனது அறுபத்தொன்று.
கிரேன் வந்து நாற்பத்தாறைத் தூக்கியது,
நாற்பத்தெட்டைத் தூக்கியது,
நடுவில் எட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.
அவர்களைத்தான் எடுத்தேன்.
அதற்கு யாரும் எட்டு ரூபாய் தரமாட்டார்கள்.

நேற்று அந்த வழியாக வந்தேன்.
ராத்திரி சாரல் விழுந்து சுண்ணாம்பு இளகியிருந்தது.
பஸ் வந்ததும் சேர்மக்கனி சட்டென எழுந்தாள்.
நீலச் சேலையில் பின்பக்கம்
இடவலம் மாறிய ஏழு ஒன்று
ஒட்டிக்கொண்டு அவளோடு படியேறிப் போய்விட்டது.

தடியில் இப்போது நாலு மட்டும்.

நாலாம் எண் தடி
போன செவ்வாய்க்கிழமையே
செங்கோட்டை மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது,
ரசீது இருக்கிறது.